கவர் கீழே வரணும்

கார்டு மிஷினுங்களா? இருந்துச்சுங்க மேடம். இப்பவும் இருக்குது, டேஷ்போர்டுக்குள்ள கெடக்குது, நான் சார்ஜ் போடறதில்லை. அதைப் பாத்தாலே ஒரு மாதிரி ஆயிருதுங்க. பரவால்லை, எறங்கறப்பப் போன்ல அனுப்புங்க. வடவள்ளிதானுங்களே? உக்காருங்க, போயிரலாம். பையைப் பக்கத்துலயே வெச்சுக்கங்க.

மேடம்னு கூப்பிடறது என் வாயில நிக்கமாட்டேங்குதுங்க. அம்மிணின்னே சொல்லிக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இது கடைசி சவாரி. உங்களை எறக்கி விட்டா ராத்திரி முடிஞ்சுது. முடிஞ்சு என்ன? நான் போறப்ப வீட்டுக்காரி எந்திரிச்சு வாசல் தெளிச்சுட்டு இருப்பா. நான் படுப்பேன், அவ மிக்ஸி போடுவா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒருத்தர் தூங்கறப்ப ஒருத்தர் முழிச்சிருக்கோம். சண்டையே வந்ததில்லைங்க. வர்றதுக்கு நேரமில்லை.

மிஷின் கதையைச் சொல்லட்டுங்களா? சொல்லாமப் போய்ப் படுத்தா இன்னிக்கும் தூக்கம் வராது. ஒரு புள்ளைக்கு நான் நல்லது செஞ்சனுங்க. அந்தப் புள்ள இப்ப என் மொகத்துல முழிக்கமாட்டேங்குது. தப்பு யார் மேலன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

அந்தப் புள்ளைக்கு ஓட்டல்ல வேலை. ஓட்டல்லன்னா சமையல்ல இல்லைங்க. பெரிய பெரிய ஓட்டல்ல வெளியூர்ப் பார்ட்டி வந்து ரூம் போட்டிருப்பாங்க, அவங்களைப் பாக்கப் போற வேலை. புரிஞ்சுதுங்களா? இங்கிலீஷ்ல எஸ்கார்ட்டுன்னு போடறாங்க. நான் எட்டாவதுதான். ஆனா வண்டியில காத்துக் கெடக்கற நேரமெல்லாம் இங்கிலீஷ் பேப்பரை அகராதி வெச்சுப் படிப்பேன். அகராதியில அந்த வார்த்தைக்குப் பாதுகாப்பாக் கூடப் போறவங்கன்னு போட்டிருந்துச்சு. அப்படிப் பாத்தா எஸ்கார்ட்டு நாந்தானே கண்ணுன்னு அதுகிட்டச் சொன்னேன். வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சுது. நல்லாச் சிரிக்கும் அந்தப் புள்ள. பின்சீட்டுல, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துலதான் உக்காரும்.

பார்ட்டிங்களுக்கு அது பேரு நிஷா. நெசப் பேரு கோகிலாமணி. போத்தனூர்ல, செட்டிபாளையம் ரோட்டுல, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால லைன் வீடு, மூணாவது கதவு. அம்மாவும் பொண்ணும் கூட இருந்தாங்க. பொண்ணு தர்ஷினி, எட்டாவது, கணக்குல கெட்டி. வீட்டுக்காரன் எப்பவோ விட்டுட்டுப் போயிட்டான். பியூட்டி பார்லர்ல வேலைன்னு வீட்டுல சொல்லி வெச்சிருந்துச்சு. மத்தியானம் கெளம்பும், பொண்ணு டியூஷன் முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் கொண்டுபோய் விட்ருவேன். பத்துப் பதினோரு வருஷம், ஒரு நாள் நேரம் தப்பினதில்லைங்க. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க யாரோ நான் யாரோ.

அதுகிட்ட ஒரு பழக்கம். ரொக்கம்தான் வாங்கும். போன்ல அனுப்பறேன்னா வேண்டாம், கார்டுன்னா வேண்டாம். பார்ட்டி நோட்டைக் கவர்ல போட்டு டீ வெக்கற டேபிள் மேல வெச்சிரணும். இது ரூமுக்குள்ள போனதும் உக்காராது. கவரை எடுக்கும், ஐயோ, செல்போனை வண்டியில விட்டுட்டேன்னு சொல்லும், லிஃப்ட்ல கீழ எறங்கி வரும். வந்து என் கையில கவரைக் குடுத்துட்டுத்தான் மறுபடியும் மேல போகும். எந்த ஓட்டல்னாலும் எத்தனை மாடின்னாலும் அப்படித்தான். கவர் கீழே வரணும், அப்புறந்தான் மத்ததெல்லாம். எதுக்கு கண்ணு இந்த அலைச்சல், போன்ல வந்தா ஒரே அமுக்குல முடிஞ்சுதேன்னு நானும் எவ்வளவோ சொல்லியிருக்கேன். ஒரு நாள் பதில் சொல்லுச்சுங்க. வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்குது.

"நோட்டுக்கு என் பேரும் தெரியாது, அந்தாள் பேரும் தெரியாதுண்ணா. வந்த வழியைக் கேட்டாலும் அதுக்குச் சொல்லத் தெரியாது."

எப்படிங்க பேச்சு? ஆனா விவரம் பத்தாதுன்னு நெனச்சுக்கிட்டேன். காலம் போற போக்குல எளநிக்காரன்கூடப் போன்ல பணம் வாங்கற அட்டை ஒட்டி வெச்சிருக்கான். இது மட்டும் நோட்டு, கவர், லிஃப்ட்டுன்னு. கேட்டா கதை கதையாச் சொல்லும். மைசூர்க்காரப் பொண்ணு ஒண்ணு போன்ல பணம் வாங்குச்சாம், அனுப்பினவன் போன்ல அது நெசப் பேரு இனிஷியலோட வந்துருச்சாம், அவன் அதை வெச்சு அது அண்ணன் வேலை பாக்கற எடம் வரைக்கும் தேடிட்டானாம். இன்னொருத்திக்கு ஒருத்தன் பணத்தைப் போட்டுட்டு மறுநாளே என்னை ஏமாத்திட்டாங்கன்னு புகார் குடுத்துட்டானாம். அவ கணக்கையே முடக்கிட்டாங்களாம். என்னன்னு போய்ச் சொல்லுவா, எந்த வேலைக்கு வந்த பணம்னு பேங்க்ல கேட்டா? அந்த வருஷம் அவ பையனுக்குப் பரீட்சைக் கட்டணம்கூடக் கட்ட முடியலையாம்.

எல்லாத்துக்கும் என்கிட்ட ஒரு வழி இருந்துச்சுங்க. நம்ம வண்டி பவானி டிராவல்ஸ் பேர்ல இருக்குது. என் பொண்ணு பேரு, ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கேன், தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணும். அந்தப் பேர்ல பேங்க்ல எழுதிக் குடுத்து மிஷின் வாங்கினேன். பார்ட்டி கார்டைத் தேய்ச்சா பவானி டிராவல்ஸுன்னுதான் வரும். கார் வாடகை. யார் கேக்கப் போறாங்க? அதோட பங்கை நான் நோட்டாக் குடுத்திருவேன். என்ன குத்தம் இதுல?

அப்பத்தான் அந்த மில்லுக்காரர் வந்தாரு. பேரு சொல்லமாட்டனுங்க, கேக்காதீங்க. பெரிய இடம், குடும்பஸ்தர். ஊரைக்கூடச் சொல்லக்கூடாது. ஒருத்தர் பேரை வெளிய விடறது நல்ல டிரைவருக்கு அழகில்லை. ரெண்டு வருஷமாப் பழக்கம், வாரத்துக்கு ஒருக்கா வருவாரு, மரியாதையான மனுசன். அன்னிக்கு அவர்கிட்ட நோட்டு இல்லை. கோகிலா கீழ எறங்கி வந்துச்சு, கையில கவர் இல்லை. கெளம்பலாம்ணான்னுச்சு. நான் விட்டனா? நான்தான் மேல போன் போட்டுச் சொன்னேன், ஐயா, நம்மகிட்ட மிஷின் இருக்குதுங்க, கீழ வாங்கன்னு. வந்தாரு, வண்டிக்குள்ள உக்காந்து தேய்ச்சாரு. எவ்வளவுன்னு கேக்காதீங்க, அதெல்லாம் தொழில் ரகசியம். துண்டுச்சீட்டு வந்துச்சு. கோகிலா அதை வாங்கி மேலயும் கீழயும் பாத்துச்சு. என் பேர் எங்கயாவது இருக்குதாண்ணான்னுச்சு. இல்லவே இல்லை கண்ணுன்னேன். அவரு நின்னுட்டு இருந்தாரு. இதுவும் மறு பேச்சுப் பேசாம மேல போயிருச்சு.

அப்புறம் அவரு வந்தா கார்டுதான். இதுக்கும் ஏறி எறங்கற வேலை இல்லை. எனக்கும் நிம்மதி, நடுவுல முழிச்சுட்டு உக்காரத் தேவையில்லை. சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்குவேன். என் வாழ்க்கையில பகல்ல நல்லாத் தூங்கினது அந்த ரெண்டு மூணு மாசம்தானுங்க.

போன் அடிக்குதுங்களா? அடிக்கட்டும், ஓட்டறப்ப எடுக்கமாட்டேன். யாருன்னு தெரியும். அப்புறம் சொல்றேன்.

அப்படி இருக்கறப்ப பேங்க்ல இருந்து ஒரு மெயில். என்னன்னா, இந்தத் தேதியில பவானி டிராவல்ஸுங்கற வண்டியில நான் போகவே இல்லை, இந்தப் பணம் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது, திருப்பிக் குடுங்கன்னு அவரு எழுதியிருக்காரு. அவரு வீட்டம்மா போன் மெசேஜைப் பாத்துட்டாங்களாம், எந்தக் கார், எங்க போனீங்கன்னு கேட்டாங்களாம். இவரு வாய் தவறித் தெரியாதுன்னுட்டாரு. பாவம், சொன்ன பொய்யைக் காப்பாத்தணுமில்லைங்க? எனக்கு அவர் மேல கோவமில்லை. பேங்க்காரன் மேலதான் கோவம். நாங்க உங்க பேர்ல விசாரிக்கறோம்னு எழுதியிருந்தான். என் பேர்ல! பவானி டிராவல்ஸு பேர்ல! சென்னியப்பன் அடுத்தவன் கார்டைத் தேய்ச்சுத் திங்கறவனா?

கோகிலாவுக்குப் போன் பண்ணி விவரத்தைச் சொன்னேன். முழுசாக் கேட்டுச்சு. அப்புறம் சொல்லுச்சு:

"விட்டுடுங்கண்ணா. அந்தக் காசை அவங்களே எடுத்துக்கட்டும். எதுவும் எழுதாதீங்க."

எப்படிங்க விடறது? காசு போகட்டும், பேர் போகுதே? என் பேர் போச்சுன்னா நாளைக்கு எவன் என் வண்டியில ஏறுவான்?

பேங்க்ல என்ன கேட்டாங்கன்னா, வண்டி ஓடுனதுக்கு அத்தாட்சி. அங்கதான் சென்னியப்பன் யாருன்னு காட்டினேன். நான் டிரிப் ஷீட் எழுதாம வண்டியை எடுத்ததே இல்லைங்க. மத்த டிரைவருங்க வாரக் கடைசியில உக்காந்து மனசுக்குத் தோணினதை எழுதுவாங்க. நான் அப்பப்ப எழுதுவேன். ஏறினவங்க பேரு, ஏறின எடம், எறங்கின எடம், போன் நம்பர், கையெழுத்து. கோகிலாவும் தினம் போடும் கையெழுத்து. ஆரம்பத்துல நிஷான்னு போடப் பாத்துச்சு. போலீஸ் செக்கிங்ல பொய்ப் பேரு மாட்டினா ரெண்டு பேருக்கும் வம்பு, என் ஷீட் என்கிட்டத்தான் இருக்கும், நெசத்தைப் போடு கண்ணுன்னேன். போட்டுச்சு. என் மேல அவ்வளவு நம்பிக்கைங்க அதுக்கு.

அத்தனை ஷீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். கூட இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி, நானே எழுதினது. என் வண்டி ஓடியது உண்மை, பயணி போத்தனூரில் இன்ன வீட்டில் ஏறியது உண்மை, விசாரித்துக்கொள்ளலாம்னு. ஒரு எழுத்துப் பிழை கெடையாது. ஜெயிச்சுட்டனுங்க! மூணு வாரத்துல பேங்க்ல இருந்து பதில், உங்க பக்கம் நியாயம் இருக்குது, பணம் உங்களுதுன்னு. அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கேன். அதோட பங்கையும் அன்னிக்கே கவர்ல போட்டு ஒட்டிட்டேன்.

வடவள்ளி ரோடு நல்லாப் போட்டுட்டாங்க பாத்தீங்களா? முன்னெல்லாம் இடுப்பு ஒடிஞ்சிரும்.

என்னங்க? ஆமாங்க. சரியாத்தான் கேட்டீங்க. நாம குடுக்கற அத்தாட்சியைப் புகார் குடுத்தவங்களுக்கும் காட்டுவாங்களாம், அதுதான் சட்டமாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும், காட்டட்டுமே? பொய்யா எழுதியிருக்கேன்?

ஒரு ஞாயித்துக்கெழமை மில்லுக்காரர் போத்தனூருக்கு வந்திருக்காரு. கோயில்கிட்ட வெள்ளை வண்டியை நிறுத்திட்டுக் கோகிலாமணி வீடு எதுன்னு கேட்டு வந்திருக்காரு. ஒரு வார்த்தை தப்பாப் பேசலையாம். ஒரம்பரைக்கு வந்த சொந்தக்காரர் மாதிரிப் பழம் வாங்கிட்டு வந்து, சேர்ல உக்காந்து, கோகிலாவோட அம்மாகிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சாராம். பொண்ணைக் கூப்பிட்டு எந்த ஸ்கூல், எத்தனாவதுன்னு கேட்டாராம். போறப்ப வாசல்ல வெச்சு இதுகிட்ட, இனிமே ஓட்டல் எதுக்கு, கவர் எதுக்கு, டிரைவர் எதுக்கு, வீடுதான் தெரிஞ்சுருச்சேன்னாராம். அவ்வளவுதான். அடிக்கலை, திட்டலை. அடுத்த ஞாயிறும் வந்தாராம். பழத்தோட.

அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? அவரை நானா வரச் சொன்னேன்?

கோகிலா ஒரே வாரத்துல வீட்டைக் காலி பண்ணிருச்சு. பொண்ணைப் பாதிப் படிப்புல நிறுத்திக் கூட்டிட்டுப் போயிருச்சு. நம்பரை மாத்திருச்சு. மாத்தறதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு போன். திட்டும்னு நெனச்சேன். திட்டலை.

"பதினோரு வருஷமா எதுக்கு லிஃப்ட்ல ஏறி எறங்கினேன்னு நெனச்சீங்கண்ணா? கீழ ஒரு ஆளு இருக்குதுன்னு அவனுகளுக்குத் தெரியணும், நான் யாருன்னு தெரியக்கூடாது. அதுக்குத்தான்."

நான் என்ன சொன்னேன்னா, நான்தான் அன்னிக்கே சொன்னேனே கண்ணு, அந்த ஏறி எறங்கறது வீண் அலைச்சல்னு. வெச்சிருச்சு. அம்புட்டுதான். பழகின பழக்கத்துக்கு இதுவாங்க மரியாதை?

அதுல இருந்து எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியலைங்க. ஸ்டாண்டுல நின்னா அந்தக் கவரைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். அடுத்தவங்க காசு, வெச்சிருந்தா உறுத்துமில்லைங்க? கையில குடுத்துட்டா முடிஞ்சுது. அதுக்காகத்தான் தேடினேன். சாமான் ஏத்திட்டுப் போன டெம்போக்காரனைப் புடிச்சேன், காரமடைன்னான். தேரடிக்கு வடக்கால ஒரு தெரு, பேரும் சொன்னான். பச்சை கேட்டாம். பொண்ணு எந்த ஸ்கூல்ல சேந்திருக்குதுன்னும் விசாரிச்சு வெச்சிருக்கேன். எல்லாம் இந்தச் சட்டைப் பையிலதான் இருக்குது, துண்டுச்சீட்டுல. உங்களை எறக்கிட்டு நேரா அங்கதான் போகலாம்னு இருக்கேன். ஸ்கூல் தொறக்கற நேரத்துக்கு வாசல்ல நின்னா வராமலா போயிரும்?

மறுபடியும் அடிக்குது. அவருதானுங்க, மில்லுக்காரரோட டிரைவர். ஒரு வாரமா விடாமக் கூப்பிடறாரு. முதலாளிக்கு மனசு சரியில்லையாம், அந்தப் புள்ளையை ஒருக்காப் பாத்து மன்னிப்புக் கேக்கணுமாம். புது வீடு எங்கன்னு கெடைச்சாச் சொல்லுங்கண்ணாங்கறாரு. சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நேத்துத்தான் கெடைச்சுது.

இல்லைங்க, இன்னும் சொல்லலை. ஏனுங்க, சத்தம் போடறீங்க? தண்ணி இருக்குது, குடிக்கறீங்களா?

என்ன சொல்றீங்க, எனக்குப் புரியலை... எழுதி வாங்கணுமா?

ஓ. ஆமாம். அது நல்ல யோசனைங்க. எனக்குத் தோணவே இல்லை பாருங்க. இன்னார், இன்ன ஊரு, இன்ன காரணத்துக்காக, இந்தப் புள்ளையோட விலாசத்தைச் சென்னியப்பன்கிட்ட இருந்து வாங்கினேன்னு அவரே எழுதி, பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலோட. நாளப்பின்ன ஒண்ணுன்னா எனக்கு அத்தாட்சி வேணுமில்லைங்க? ஒரு சவாரிக்கே ஷீட் எழுதறவன் நான், இதுக்கு எழுதாம இருப்பனா? நீங்க என்ன உத்தியோகமுங்க? ஆபீஸ்ல நல்ல போஸ்ட்டுல இருப்பீங்க போல.

இருங்க, ஓரங்கட்டறேன். சித்த இருங்க.

ஹலோ. ஆமாங்க, சென்னியப்பன்தான். கெடைச்சுதுங்க, கெடைச்சுது. சொல்றேன், அதுக்கு முன்னாடி முதலாளியை ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க... இல்லைங்க, வாயில சொன்னாப் பத்தாது. அவர் முழுப்பேரு, வீட்டு விலாசம், எந்தத் தேதியில இருந்து பழக்கம், எதுக்காகப் பாக்கணும்... ஆதார் நகல் ஒண்ணு. ஒரு காப்பி அவரு வீட்டுக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருவேன், வீட்டுல இருக்கறவங்க கைக்கும் ஒண்ணு இருக்கட்டும்... ஏனுங்க? ஹலோ?

வெச்சுட்டாரு.

பாத்தீங்களா அம்மிணி? ஒரு பேரை எழுதிக் குடுங்கன்னா இப்படிப் பதறறாங்க. முதலாளிகிட்டக் கேக்கக்கூட இல்லை, இனிமே இதைப் பத்திப் பேசவே வேண்டாம்ங்கறாரு, இந்த நம்பரையே அழிச்சிருங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. மன்னிப்புக் கேக்கறதுக்கு எதுக்குங்க பயம்? எனக்கு ஒண்ணும் வெளங்கலை.

சரி, வாங்க போலாம். எந்த சந்து? ஏனுங்க, இங்கயேவா? வீடு இன்னும் உள்ள தள்ளி இருக்குதுன்னீங்களே. பை கனமா இருக்குது, வாசல்லயே விட்டுர்றேன். வேண்டாமுங்களா... சரி, உங்க இஷ்டம்.

காரமடைக்கா? போகத்தான் போறேன். டீசல் இருக்குது... இல்லை, நம்பர் நான் மாத்தலைங்க. அன்னிக்கு இருந்த அதே நம்பர்தான். அதுக்கு வேணும்னா அதுவே கூப்பிடும்ங்கறீங்க. கூப்பிடுமா? கவர் அது வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்ங்கறீங்க. இருக்கட்டுமா? அந்தச் சீட்டையும் உங்ககிட்டக் குடுக்கணுமா? எதுக்குங்க... சரி, புடிங்க. எனக்குப் படிச்சது மறக்காது, இருந்தாலும் புடிங்க. ஐயோ, கிழிச்சுட்டீங்களே.

பணம் போன்ல போடறேன்னீங்க? கார்டு இருக்குதான்னு கேட்டுட்டுத்தானே ஏறினீங்க, இப்ப நோட்டா எடுக்கறீங்க. மீதி இருங்க, தர்றேன். வேண்டாமா.

அம்மிணி, ஒரு நிமிசம். ஷீட்டுக்குப் பேரு சொல்லிட்டுப் போங்க. எல்லாரும் சொல்றதுதானுங்க. கையெழுத்துகூட வேண்டாம், பேரு மட்டும். பேர் இல்லாம நான் ஷீட்டை முடிச்சதே இல்லை. சொன்னா என்னங்க கொறைஞ்சு போயிருவீங்க?

ஏனுங்க. உங்களைத்தான்.

போறாங்க பாரு, திரும்பிக்கூடப் பாக்காம. நோட்டை நாலா மடிச்சுக் குடுத்துட்டுப் போறாங்க. கோகிலாவும் இப்படித்தான் மடிக்கும்.